ஐம்பத்திரண்டு நிமிடம் நின்ற பால் வண்டி

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது. பதினோரு வருடமாக எனக்கு அங்கே வேலை. ஊர் ஊராகப் போய்ப் பால் எடுத்து வரும் வண்டிகள் எத்தனை மணிக்குக் கிளம்பின, எத்தனை மணிக்குத் திரும்பின, எந்த ஊர்ப் பால் புளித்திருந்தது என்று எழுதி வைப்பேன். புளித்திருந்தால் அந்த ஊரில் பால் வாங்கி வைப்பவரைப் போனில் கூப்பிட்டுத் திட்டுவேன். திட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மூன்று ரூட்டிலும் என் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இன்னொரு குளிரூட்டும் நிலையம் போடலாமா, போட்டால் எங்கே போடுவது, அந்த ரூட்டில் எந்தெந்த ஊரில் வண்டி நிற்பதை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் இப்படி ஒரு முடிவு வந்தால் எங்கள் மேனேஜர் டிரைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் கருத்துக் கேட்பார். பிறகு, தான் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததைச் சொல்வார். இந்த முறை சென்னையிலிருந்து ஒரு இளைஞரை லேப்டாப்போடு அனுப்பி வைத்தார்கள். வாயைத் திறந்தால் மாடல், மாடல் என்றே பேசியதால் வாட்ச்மேன் முதல் எல்லோரும் அவரை மாடல் சார் என்றே கூப்பிட ஆரம்பித்தோம். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அவர் செய்ய வந்ததற்குப் பெயர் சிமுலேஷன். நிஜ வண்டியை நிஜ ரோட்டில் விட்டுப் பார்த்து அவஸ்தைப்படுவதற்கு முன்னால், கம்ப்யூட்டருக்குள் ஒரு ரோடு போட்டு, அதில் வண்டியை ஓடவிட்டு, ஒரு வருடத்தை ஐந்து நிமிடத்தில் ஓட்டிப் பார்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. திரையில் ஊர்களெல்லாம் வட்டம், வண்டி ஒரு மஞ்சள் கட்டம், பால் பச்சைப் புள்ளி. நேரமாகிப் பால் புளித்தால் புள்ளி சிவப்பாகும்.

பாப்பிரெட்டிப்பட்டி ரூட் டிரைவர் அண்ணன் திரையில் குனிந்து தன் வண்டியைத் தேடினார்.

"இதுல நான் எங்க சார் இருக்கறேன்?"

"இந்த மஞ்சள் கட்டம்தாங்க உங்க வண்டி."

"அது சரி. ஓட்டறது யாரு?"

"யாரும் ஓட்ட வேண்டாங்க. தானா ஓடும்."

அண்ணன் முகம் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டம் போவதையே பார்த்துவிட்டு, "ஆரன் அடிக்காம பஸ் ஸ்டாண்ட தாண்டுதே" என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

மாடலுக்குள் போட நிஜமான நேரங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு ஊரிலும் வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஐந்து நாள் அளந்து தர வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாடல் சார் விதியைத் தெளிவாகச் சொன்னார்: வண்டி நின்றதும் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும், வண்டி கிளம்பும்போது மறுபடி அழுத்த வேண்டும், நடுவில் என்ன நடந்தாலும் தலையிடக் கூடாது. "நீங்க அங்க இல்லாத மாதிரி இருக்கணும் மேடம்" என்றார்.

பதினோரு வருடமாகப் போனில் திட்டிக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக நேரில் வருகிறாள் என்றால், எந்த ஊரில் அவளை இல்லாத மாதிரி இருக்க விடுவார்கள்?

முதல் நாள் முதல் ஊரில் டீ வந்தது. இரண்டாவது ஊரிலும் டீ. மூன்றாவது ஊரில், முந்தின இரண்டு ஊரிலும் டீ குடித்துவிட்டேன் என்று டிரைவர் அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டதால், "டீ எல்லாம் எதுக்குங்க, எளநி வெட்டறேன்" என்று ஒருவர் மரத்தில் ஏறப் போய்விட்டார். விதிப்படி நான் தலையிடவில்லை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே சேதி ஊருக்கு ஊர் போனில் போய்விட்டது. ஓர் ஊரில் பணியாரம் என்றால் அடுத்த ஊரில் போண்டா. அதற்கடுத்த ஊரில் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். காலை ஏழு மணிக்குக் களி. "கொஞ்சூண்டுதான் வெச்சிருக்கறேன்" என்று அவர்கள் காட்டிய உருண்டை என் இரண்டு கைக்கும் அடங்காது. டிரைவர் அண்ணன் மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் சாப்பிடாமல் வந்தார். இண்டூர் ரூட்டிலிருந்து ஒருவர் போன் போட்டு, "எங்க ஊருக்கெல்லாம் டைம் எடுக்க வர மாட்டீங்களா, நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று சண்டைக்கு வந்தார்.

ஒன்பதாவது ஊர்தான் ரூட்டின் கடைசி. சித்தேரி மலையடியில் ஏழெட்டு வீடு. காலையில் இரண்டு கேன் பால் தேறும், அவ்வளவுதான். அங்கே பால் வாங்கி வைக்கிற அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். புருஷனில்லை. பத்து வருடம் பெங்களூரில் கட்டட வேலைக்குக் கல் சுமந்துவிட்டு, ஊர்ப் பாலை வாங்கி வைக்கிற இந்தப் ‘பாயிண்ட்’ கிடைத்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவர். முதல் நாள் என்னை மேடம் என்றார். மூன்றாம் நாள் தங்கச்சி ஆகிவிட்டேன்.

ஐந்தாம் நாள் வண்டியை விட்டு இறங்கும்போதே மிளகு வாசனை வந்தது. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். மணி பத்தரை. அதற்கு முன்னால் எட்டு ஊரில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். இடமில்லை என்றேன். "எடமெல்லாம் தானா வரும் தங்கச்சி, ஒக்காருங்க" என்று பாய் விரித்தார். இலையில் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பாயிண்ட் இருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணுங் கவலையில்ல. இது போச்சுன்னா மறுபடியும் பெங்களூருதான். பாப்பாவ பள்ளிக்கூடத்த உட்டு நிறுத்திட்டு மறுபடியும் அந்தத் தகர ஷெட்டுக்குள்ள கெடக்க நம்மளால ஆவாது." நான் எலும்பைக் கடித்தபடி, அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, மறுசோறு போட்டுக்கொண்டு, வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறியதும், விதிப்படி ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.

அன்று வண்டி நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பாதி கேன் புளித்துவிட்டது. யாருக்குப் போன் போட்டுத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று மேனேஜர் கேட்டதற்கு டிரைவர் அண்ணன், "டைம் எடுக்கறாங்க இல்ல சார், அதான் டைம் ஆவுது" என்றார். மேனேஜர் அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டார்.

ஐந்து நாள் நேரங்களையும் மாடல் சாரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எல்லோரையும் மீட்டிங் ஹாலில் உட்கார வைத்து மாடலை ஓட்டிக் காட்டினார். மஞ்சள் கட்டம் கிளம்பியது. முதல் வட்டத்தில் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அதன் வயிற்றிலிருந்த பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அடுத்த வட்டத்தில் போய் அங்கேயும் படுத்துவிட்டது. ஒரு வருடம் ஓடி முடிந்தபோது திரை முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. பதினோரு வருடமாக எங்கள் வண்டி காலை ஒன்பதேகாலுக்கு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்ததை அந்த ஹாலில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, இத்தனை நாள் எப்படித்தான் பிழைத்தோமோ என்று மேனேஜர் நெற்றியைத் துடைத்தார்.

"கடைசி ஊர்தான் ரொம்ப மோசம்" என்று மாடல் சார் மலையடி வட்டத்தைக் காட்டினார். "ரெண்டு கேன் ஏத்த சராசரி ஐம்பத்திரண்டு நிமிஷம். பால் டெஸ்ட் பண்ற மெஷினை இன்னொண்ணு கொடுத்துப் பார்த்தேன், குறையல. கூட ஒரு ஆள் போட்டேன், குறையல. ரெண்டு வண்டி விட்டுப் பார்த்தேன், மொத்த நேரம் கூடிடுச்சு."

கூடாமல் என்ன செய்யும்? இரண்டு வண்டி போனால் இரண்டு கோழி அடிப்பார் அந்த அக்கா.

"இந்தப் பாயிண்டை மூடிடலாம்னு மாடல் சொல்லுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்கதான் நேர்ல பாத்தீங்க. அந்த ஐம்பத்திரண்டு நிமிஷத்துல அங்க என்னதான் நடக்குது?"

மேனேஜர், டிரைவர்கள், சென்னையிலிருந்து திரையில் தெரிந்த நாலு முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? குழம்பு சாப்பிட்டேன் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். புளித்த பாலுக்கு ஊரையெல்லாம் திட்டுகிறவள், களி தின்று பாலைப் புளிக்க வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? "டெஸ்ட் பண்றாங்க சார், கேன் ஏத்தறாங்க" என்றேன். டிரைவர் அண்ணன் மோட்டுவளையைப் பார்த்தார். மலையடி வட்டத்தின்மேல் மாடல் சார் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோறு போட்ட கையை நானே வெட்டிவிட்டு வந்து நிற்கிறேன் என்று அழுகையாக வந்தது. அந்த அக்கா எனக்கு இலை போடாமல் இருந்திருந்தால் அவருடைய பிழைப்பு போகாது. மாலை மாடல் சார் லேப்டாப்பை மூடும் நேரத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பணியாரத்தில் ஆரம்பித்து வெற்றிலை வரை.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் லேப்டாப்பை மறுபடி திறந்தார். கண்ணில் ஒரு பிரகாசம். "சாப்பிட எத்தனை நிமிஷம் ஆச்சு மேடம்? அதைத் தனியா கழிச்சிடலாம்."

"தெரியாதுங்க சார்."

"நீங்க சாப்பிடும்போதே கேன் ஏத்திட்டாங்களா, சாப்பிட்ட பிறகு ஏத்தினாங்களா?"

"நான் எலையப் பாத்துட்டு இருந்தேன் சார்."

அவர் விரலை மடக்கி நாள் எண்ணினார். குத்துமதிப்பாகக் கழித்தால் தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது, திங்கட்கிழமை முடிவு, அதற்குள் மூன்று நாள் திரும்ப அளந்து வர வேண்டும் என்றார். பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. காரணத்தையும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஊர்க்காரர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதுவும் பொய்யான நேரம். "இந்தத் தடவையாவது நீங்க அங்க இல்லாத மாதிரி இருங்க மேடம்" என்றார். அவர் கெஞ்சியது எனக்கே பாவமாக இருந்தது.

முதல் ஊரில் இறங்கும்போதே விரதம் என்று சொல்லிவிட்டேன். அங்கே பால் வாங்கி வைக்கும் பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன வெரதங்க? நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதான?"

"ஆமாங்க."

"ஒங்க தவக்காலம் போன மாசமே முடிஞ்சிருச்சே. எங்க தெருவுல ஈஸ்டருக்குப் பிரியாணியே வந்துச்சே."

இது வேறு விரதம், ஒரு வேண்டுதல் என்று உளறினேன். என்ன வேண்டுதல், யாருக்கு உடம்பு சரியில்லை, தர்மபுரியில் நல்ல டாக்டர் இருக்கிறாரே என்று பேச்சு வளர்ந்தது. வேண்டுதல் விரதம் என்றால் பாலும் பழமும் ஆகும் என்று பெரியவரின் மனைவி முடிவு கட்டி, வாழைப்பழம் வாங்க ஒருவரைக் கடைக்கு அனுப்பினார். பழம் வந்து, நான் மறுத்து, அவர்கள் வருத்தப்பட்டு, நான் சமாதானம் சொல்லி வண்டியில் ஏறியபோது நாற்பத்தொரு நிமிடம். சாப்பிட்ட நாளிலேயே அங்கே இருபத்தெட்டுதான் ஆகியிருந்தது. இரண்டாவது ஊரிலும் இதே கூத்து. திரும்பிப் போய் மாடல் சாரிடம், சாப்பிட்டால் ஆகிறதைவிடச் சாப்பிடாமல் இருக்க அதிக நேரம் ஆகிறது என்று எப்படிச் சொல்வேன்?

டிரைவர் அண்ணன்தான் வழி சொன்னார். "எறங்குனாதான மொகத்துக்கு மொகம் பேசணும். எறங்காதீங்க. கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உக்காந்துக்கங்க. கேட்டா, மேடம் மேல எடத்துல பேசிட்டிருக்காங்கன்னு நான் சொல்லிக்கறேன்." மூன்றாவது ஊரிலிருந்து அப்படியே செய்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமில்லாத போனில் ஆமாம் சார், சரி சார் என்று பேசினேன். வேலை செய்தது. ஐந்து நிமிடம், நாலு நிமிடம், ஏழு நிமிடம். வெளியில் தட்டோடு நின்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மலையடியில் வண்டி நின்றதும் அக்கா வீட்டுக்குள்ளிருந்து சிரித்தபடி வந்தார். நான் இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். போனில் பேசுகிற நடிப்பு அவரிடம் எனக்கு வரவில்லை, கண்ணாடியை இறக்கினேன்.

"ஏன் தங்கச்சி, எறங்கல?"

"வேலைங்கக்கா. இன்னிக்கு எறங்க முடியாது."

"மேலுக்கு எதுனா சொகமில்லையா? மொகம் வாடியிருக்குதே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. விரதப் பேச்சிலேயே என் தொண்டை காய்ந்து போயிருந்தது.

"தண்ணியாச்சும் குடிங்க."

"வேணாங்கக்கா."

"ஒரு வாய்."

மடியில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சொம்பை வாங்கினால் அடுத்து மோர் வரும், மோர் வந்தால் இறங்கச் சொல்வார், இறங்கினால் பெருக்கல் குறி. "வேணாம்னு சொல்றேன் இல்லக்கா" என்றேன். புளித்த பாலுக்குப் போனில் பேசுகிற குரல் அது. நானே எதிர்பார்க்காமல் வந்துவிட்டது. அக்கா சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பக்கத்துக் கனகாம்பரச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். வண்டி கிளம்பியபோது ஆறு நிமிடம். என் கண்ணில் தண்ணீர் வந்தாலும், ஆறு நிமிடம் என்று பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் ஜன்னல் பக்கம் வரவில்லை. ஆறு, ஆறு.

திங்கட்கிழமை மாடல் ஓடியது. மஞ்சள் கட்டம் வட்டத்துக்கு வட்டம் துள்ளிப் போனது, புள்ளிகளெல்லாம் பச்சையாகவே இருந்தன. ஒன்பது ஊரும் அப்படியே இருக்கட்டும், புதுக் குளிரூட்டும் நிலையமே தேவையில்லை என்று முடிவானது. அதாவது எப்போதும் எப்படி இருந்ததோ அப்படியே. ஆனால் தலைமை அலுவலகத்தில் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடத்தை ஒரே வாரத்தில் ஆறாகக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். திரையில் தெரிந்த நாலு முகங்களும் கை தட்டின. நேர மேலாண்மைக்காக எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. மற்ற நிலையத்துக்காரர்கள் போன் போட்டு, எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, சாதனை படைத்த அந்த மலையடிப் பாயிண்டை நேரில் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார். நானும் போனேன். இனி எந்த ஸ்டாப்வாட்சும் இல்லை, அக்காவோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அக்கா எங்களுக்கு நாற்காலி போட்டார். மேனேஜருக்கும் டிரைவர் அண்ணனுக்கும் டம்ளரில் டீ வந்தது. எனக்கு வரவில்லை. மேனேஜர் டம்ளரோடு எழுந்து, பால் டெஸ்ட் பண்ணும் மெஷினைப் பார்க்கப் போனார். அண்ணனும் கூடப் போனார்.

"எனக்கு டீ இல்லையாக்கா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க குடிப்பீங்களா மேடம்?"

"ஏன்க்கா இப்பிடிக் கேக்கறீங்க?"

"மொத வாரம் தெரியாம சாப்ட்டுட்டீங்க. அப்பறம் நாங்க யாருன்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க." குரலில் கோபமே இல்லை. "அதுல ஒங்க தப்பு ஒண்ணுமில்லீங்க. எங்களுக்குப் பழக்கந்தான். மேனேஜர் சாருக்கு இன்னும் யாரும் சொல்லல போல."

ஆள் பார்த்துத் தண்ணீர் வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகச் சொந்தத்தில் இரண்டு வீட்டுப் படியேறுவதையே விட்டவள் நான். அதையெல்லாம் இங்கே எப்படிச் சொல்வது? கடகடவென்று உண்மையைக் கொட்டினேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு ரோடு, மஞ்சள் கட்டம், சிவப்புப் புள்ளி, கோழிக் குழம்பால் வந்த ஐம்பத்திரண்டு நிமிடம், பாயிண்டை மூடப் பார்த்தார்கள், அதைத் தடுக்கத்தான் தண்ணீர் வேண்டாம் என்றேன், காரணத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது இட்டுக்கட்டிய கதையாகத்தான் கேட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டார். கேன் ஏன் புளித்தது என்று ஊர்க்காரர்கள் போனில் காரணம் சொல்லும்போது நான் எப்படிக் கேட்பேனோ, அப்படிக் கேட்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.

"தண்ணி குடுங்கக்கா. இப்ப குடிக்கறேன். ஒங்க கையால குடுங்க."

அவர் உள்ளே போனார். டம்ளர் எடுக்கிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். கழுத்தைப் பிடிக்காமல் அடியில் இரண்டு விரலால் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"கடையில வாங்குனதுங்க மேடம்" என்றார். "மூடி தொறக்கல, பாத்துக்கங்க."